இக்னேஷியஸ் மாமா பாஸ் பண்ணிய பந்து

உலகத்தில் இதுவரை பிறந்தவர்களிலேயே கோல்ஃப் பந்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் எங்கள் இக்னேஷியஸ் மாமாதான். அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரர்கள் இப்போது உயிரோடு இருந்தால், ஆவடிக்கு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வழி கேட்டு, லிஃப்ட் வேலை செய்யாத எங்கள் பிளாட்டின் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஐயா, நாங்கள் அடித்துக்கொண்டிருப்பது சரியான பந்துதானா?” என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். மாமா அதை வாங்கி, காதோரம் வைத்து ஒரு தட்டுத் தட்டி, “ரிஜெக்ட்” என்பார். அவர்கள் அழுதுகொண்டே படியிறங்குவார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம். பந்தைப் பற்றி எல்லாம் தெரிந்த மாமாவுக்கு, அதை அடிக்க மட்டும் வராது.

மாமா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவர். புரொடக்‌ஷன்காரர்கள் வியர்வை சிந்திச் செய்து அனுப்பும் இரும்புச் சாமான்களை, வியர்வையே சிந்தாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பாஸ். திருத்தினால் சரியாகும் என்றால் ரீவொர்க். தேறாது என்றால் அதன் தலையில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு, ரிஜெக்ட். மாமா வைத்த சிவப்புப் பொட்டுகளைச் சேர்த்தால் ஆவடி முழுக்கக் கல்யாணம் நடத்தலாம் என்று அந்தத் தொழிற்சாலையில் ஒரு பேச்சு உண்டு.

நான் அவருடைய தங்கச்சி மகள் ஸ்டெஃபி. பிளஸ் டூவில் கணக்கு என்னைக் கைவிட்டதால், அம்பத்தூரில் ஒரு டுட்டோரியலுக்குப் போவதாகப் பேர் பண்ணிக்கொண்டு மாமா வீட்டில் இருக்கிறேன். ரிசல்ட் வந்த அன்றைக்குச் சொந்தக்காரர்கள் கொரட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, சாவு வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் அம்மாவுக்குப் போன் போட்டு, “ரிஜெக்ட் வேற, ரீவொர்க் வேற. இவ ரீவொர்க்கு. அனுப்பி வை” என்றார். என்னை இரும்புச் சாமான் கணக்காகப் பேசியதற்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பெட்டியைக் கட்டி முடித்திருந்தேன்.

கோல்ஃப் கதை மாமாவின் பிரிவு உபசார விழாவில் ஆரம்பித்தது.

ரிட்டயர் ஆகிறவர்களுக்கு அங்கே வழக்கமாகக் கொடுப்பது ஒரு ஆளுயர மாலை, ஒரு சுவர்க்கடிகாரம். மாமாவுக்கு நீளமாக ஏதோ பேப்பர் சுற்றிக் கொடுத்தார்கள். பிரித்தால் கோல்ஃப் மட்டை. கொடுத்தவர் ராஜசேகரன், புரொடக்‌ஷனில் ஃபோர்மேன். மாமாவிடம் அதிகம் சிவப்புப் பொட்டு வாங்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அவர் மைக்கைப் பிடித்தார்.

“சார் சர்வீஸ் பூரா நாங்க செஞ்சத ரிஜெக்ட் பண்ணாரு. நாங்க இன்னா சொன்னோம்? ஒண்ணும் சொல்லல. இப்போ ஒரே ஒரு தபா, சார் செய்யறத நாங்க பாக்கப்போறோம். குட்டைக்கு இந்தாண்ட சார், அந்தாண்ட நாங்க!”

கூடம் அதிர்ந்தது. மாமாவின் மனைவி தெரசா அத்தை மட்டும் ஒன்றும் புரியாமல் கை தட்டினாள்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. புல் பாதி, புழுதி பாதி, ஆட்டுப்புழுக்கை மீதி. நடுவில் ஒரு குட்டை. வருஷத்துக்கு ஒருமுறை, ரிட்டயர் ஆனவர்களும் வேலையில் இருப்பவர்களும் ஆடும் போட்டியில், புதிதாக ரிட்டயர் ஆனவர்தான் முதல் பந்தைக் குட்டைக்கு மேலே அடித்துத் தொடங்கிவைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒரே அடிதான். முக்கால்வாசிப் பேருடைய பந்து தண்ணீரில்தான் விழும். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார், வடை சாப்பிடப் போவார்கள்.

ஆனால் மாமா பந்து விழுந்தால் அது வெறும் பந்து விழுந்தது ஆகாது. “ஒரு பந்தைத் தண்ணி தாண்டி அடிக்கத் தெரியாதவனா நம்ம வேலைய எல்லாம் தப்பு சொன்னான்?” என்று ஆகிவிடும். அது மாமாவுக்கும் தெரியும், ராஜசேகரனுக்கும் தெரியும்.

மறுநாளே மாமா தயாரானார். மட்டையைப் பழகித் தயாராவது மற்றவர்கள் வழி. மாமா பந்தைச் சோதித்துத் தயாரானார்.

குட்டையில் தண்ணீர் வற்றும்போது சேற்றில் பொறுக்கிய பழைய பந்துகள் ஒரு கோணிப்பை நிறைய வந்து இறங்கின. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம் சொல்லி ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்கினார். பந்து அதில் இடிக்காமலும் ஆடாமலும் நுழைய வேண்டும். நுழைந்தது தெரசா அத்தையின் குண்டானுக்குப் போகும். அதில் உப்புத் தண்ணீர். மிதக்கும் பந்தைச் சுற்றிவிட்டால், கனமான பக்கம் எப்போதும் அடியில் போய் நிற்கும். அப்படி ஒருபக்கம் கனத்ததெல்லாம் ரிஜெக்ட்.

“ஏங்க, கல்லுப்பு பூரா தீந்துபோச்சு. சாம்பாருக்கு என்னத்த போடறது?”

“அந்தத் தண்ணியவே ஊத்து. சுத்தமான பந்துதான்.”

“சேத்துல கெடந்த பந்துங்க!”

“சேத்துல கெடந்தத கழுவித்தான்டி போட்டிருக்கேன்.”

கடைசிச் சோதனைதான் முக்கியம். பந்தை, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்துத் திருகுவார். கொஞ்சம் அமுங்கினாலும் போச்சு, சிவப்புப் பொட்டு. கல் மாதிரி நின்றால் சமையல் மேடையில் போட்டு, ‘டங்’ என்று கேட்கும் சத்தத்தைக் கண்ணை மூடி ரசிப்பார். பிறகு ஊதா மையில் முக்கோண முத்திரை ஒன்று வைப்பார். பாஸ். பீரங்கிக்குச் சாமான் பார்த்தவருக்குக் கெட்டிதான் தரம். அமுங்குவது என்றால் அவர் அகராதியில் பழுது.

எனக்கும் பொழுதுபோக வேண்டுமே. ஒருநாள் முட்டையை வேகவைத்து உரித்து, மாமாவின் முத்திரையைத் திருடி அதன் வயிற்றில் ஊதா முக்கோணம் குத்தி, பாஸ் ஆன பந்துகளோடு சேர்த்து வைத்தேன். மாமா எடுத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வளையத்தில் நீளவாக்கில் விட்டார், அகலவாக்கில் விட்டார். காதில் வைத்துத் தட்டினார்.

“ரவுண்டு இல்ல. ரிஜெக்ட்டு” என்றார். “தெரசா, மிளகுத்தூள் எடு.”

முத்திரை இருந்த பக்கத்தை மட்டும் கடித்தெடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிட்டு முடித்தார்.

சாயங்காலங்களில் பிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் காலிமனையில் பழகுவார். பந்து பொறுக்க நான். நான் தொலைக்கும் பந்தைத் தேடித்தரச் சொல்லி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்ற அத்தை. பாஸ் ஆன பந்தைப் பழகி வீணாக்கக் கூடாது என்பதால் சிவப்புப் பொட்டு வைத்த ரிஜெக்ட் பந்துகளைத்தான் அடிப்பார். மாமா மட்டையைச் சுழற்றும் அழகை எப்படிச் சொல்வது? எங்கள் சர்ச் திருவிழாவில் மாதா சப்பரம் தெருமுனையில் திரும்புமே, அந்த வேகம். பக்கத்தில் நிற்பவர் ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கலாம். ஆனால் ஒன்று. ரிஜெக்ட் பந்துகள் ஜம்மென்று எழும்பி, மனையின் கோடியில் இருக்கும் வேப்பமரத்தைத் தாண்டிப் போயின.

“பார்த்தியா? ரிஜெக்ட்டே இம்மாந்தூரம் போவுதுன்னா, பாஸ் ஆனது எம்மாந்தூரம் போவும்!” என்றார் மாமா.

இந்தத் தத்துவம் எனக்குக் கொஞ்சம் இடித்தது. அடுத்த நாள் முத்திரை வைத்த பந்து ஒன்றில் என் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்து, முத்திரை தரையைப் பார்க்கும்படி, மாமாவுக்கு எதிரே மரக்குச்சியின் மேல் வைத்தேன். சப்பரம் திரும்பியது. ‘ணங்’ என்றது. பந்து தரையோடு உருண்டுபோய், பாதி வழியில் கட்டியிருந்த எருமையின் காலடியில் நின்றது. எருமை அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மாமா நின்று பார்த்தார்.

“காத்து” என்றார்.

வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

மறுநாள் நான் டுட்டோரியலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அம்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கணக்குக்காக அவ்வளவு பார்த்திருந்தால் இந்நேரம் காலேஜில் இருப்பேன். விஷயம் சுலபம். பந்து மட்டையில் பட்டதும் கொஞ்சம் நசுங்கி, விரிந்து, அந்த வேகத்தில்தான் பறக்கிறது. வேகமாக வீசுகிறவர்களால்தான் கெட்டிப் பந்தை நசுக்க முடியும். மெதுவாக வீசுகிறவர்களுக்கு மெத்துப் பந்து. பந்தில் உயர்ந்தது தாழ்ந்தது கிடையாது, அவரவர் வீச்சுக்கு எது பொருந்துகிறதோ அதுதான் நல்ல பந்து.

ராத்திரிச் சாப்பாட்டில் பக்குவமாக ஆரம்பித்தேன். “மாமா, ஸ்லோவா அடிக்கிறவங்க அமுங்கற பந்தை எடுக்கணுமாம்.”

“சரி.”

“அதான் நீங்க...”

“நான் ஸ்லோவா?” தோசை பாதியில் நின்றது. “தெரசா, நான் ஸ்லோவா?”

“கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக்கினு வர மறந்துட்டுத் திரும்பிப் போனீங்களே, அப்ப எப்படி ஓடுனீங்க!” என்றாள் அத்தை, எந்தப் பக்கம் பேசுகிறாள் என்று தெரியாதபடிக்கு.

“அமுங்குனத எல்லாம் வேணாம்னு சொல்லியே ரிட்டயர் ஆனவன் நானு” என்றார் மாமா. “என்கிட்ட வந்து அமுங்கறத எடுன்றியே. இட்லி வாங்கறதா இருந்தா உன்னைக் கூப்புடறேன்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. போட்டிக்கு என்று ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்தார். எல்லாவற்றிலும் கெட்டி. அதில் மூன்று என்று எண் போட்டிருக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றி, சின்ன எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, மாதா படத்துக்கு அடியில் வைத்தார். எனக்கென்ன? தண்ணீரில் விழட்டும், வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடலாம் என்று இருந்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். மாமா பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். நிறுத்தினார். திருப்தி இல்லாமல் தலையை ஆட்டிவிட்டு மறுபடி, கொஞ்சம் வாயை அகலமாகத் திறந்து சிரித்தார். “வெளையாட்டுன்னா அப்டி இப்டிதான்பா” என்று கண்ணாடியிடம் சொன்னார். முகத்தைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை. பந்து விழுந்த பிறகு எப்படிச் சிரிப்பது என்று பழகிக்கொண்டிருந்தார். அதற்கும் சரியான சிரிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாமல் ஒவ்வொன்றாக ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார்.

நான் சத்தம் போடாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் பூசைக்குப் போனதும், ரிஜெக்ட் டப்பாவைக் கவிழ்த்து, மூன்று என்று எண் போட்ட மெத்துப் பந்து ஒன்றைத் தேடி எடுத்தேன். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துச் சிவப்புப் பொட்டைத் துடைத்தேன். அதே இடத்துக்குப் பக்கத்தில் முத்திரையைக் குத்தினேன். டிபன் பாக்ஸில் அதை வைத்துவிட்டு, கெட்டிப் பந்தை அரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். மாதா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் இதைச் செய்தது, ரிஜெக்ட் பந்தால் மாமா ஜெயித்தார் என்று காலமெல்லாம் சொல்லிச் சிரிப்பதற்குத்தான். வேறு காரணம் எதுவும் கிடையாது.

மறுநாள் காலை குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கட்சி மாநாடே கூடியிருந்தது. புரொடக்‌ஷனில் மாமாவிடம் பொட்டு வாங்கிய அத்தனை பேரும் வந்திருந்தார்கள். சிலர் குடும்பத்தோடு. ராஜசேகரன் மட்டும் இந்தப் பக்கம், கையில் ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் வைத்துக்கொண்டு நின்றார். பந்து தண்ணீரில் விழுந்ததும் மாமாவின் மட்டையில் பொட்டு வைப்பதாக ஏற்பாடு.

“இன்னா சார், பந்தை நல்லா பாத்துக்கினியா? அப்பால சப்ளையர் மேல பழி போடக் கூடாது.”

“பந்தைப் பார்த்தாச்சு ராஜசேகர். நீ பெயிண்டுக்கு மூடி போடு, காஞ்சிடப் போவுது.”

“காயறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும் சார்!”

அந்தக் கரையில் விசில் பறந்தது. மாமா டிபன் பாக்ஸைத் திறந்தார். பந்தை எடுத்தார். வைக்கப் போனவர் நின்றார். கட்டைவிரலால் முத்திரையைத் தடவினார். காதில் வைத்துத் தட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

“இன்னா சார், பிரியாணியா மோந்து பாக்கற?”

மாமா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு ஆட்டைப் பார்த்தேன். ஆடு என்னைப் பார்த்தது. மாமாவின் சட்டைப் பையில் இன்னும் ஒரு பந்து இருப்பது எனக்குத் தெரியும், முத்திரை வைத்தது, கல் மாதிரி. அவருடைய கை பை வரைக்கும் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு வெறுங்கையாக இறங்கியது.

என் பந்தைக் குச்சியின்மேல் வைத்தார். சப்பரம் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

‘டப்’ என்று ஒரு சத்தம். அழகான சத்தம் ஒன்றும் இல்லை. தலையணையைத் தட்டியதுபோல். பந்து எழும்பியது. ஆகாயத்தாமரைக்கு மேலே போனது. கொக்கு ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. தெரசா அத்தை அந்தோணியாரைக் கூப்பிட்டாள், பந்து இன்னும் காணாமலே போகவில்லை என்பதை மறந்து. அந்தக் கரையின் சேற்று விளிம்பில், தண்ணீருக்கு ஒரு கை தள்ளி, பொதக்கென்று விழுந்து அப்படியே உட்கார்ந்துகொண்டது.

விசில் வாயில் வைத்தவர்கள் ஊத மறந்தார்கள். ராஜசேகரன் பிரஷைப் பெயிண்டிலிருந்து எடுத்தார். மட்டையைப் பார்த்தார். பிரஷைத் திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

“பாஸு சார்” என்றார்.

மாமாவுக்குச் சிரிக்க வரவில்லை. பாவம், இதற்கு அவர் பழகவே இல்லையே. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அப்புறம்தான் அந்தக் கரையிலிருந்து கைதட்டல் வந்தது, மழை கொட்டுவதுபோல்.

வடை சாப்பிடும்போது ராஜசேகரன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சார், வர்ற வருசம் நானும் ரிட்டயரு.”

“தெரியும்.”

“எனக்கும் ஒரு பந்து பாத்துக் குடு சார். நீ பாத்தா கரீட்டா இருக்கும்.”

மாமா வடையை மென்று முடித்துவிட்டு, “மொதல்ல உன் வீச்சைக் காட்டு. அப்புறம் பந்து” என்றார். நான் வடையைக் கீழே வைத்தேன். அது நான் தோசை நேரத்தில் சொன்னது.

அத்தை, பக்கத்து பிளாட்டில் இருக்கும் பொன்னியம்மா அக்காவின் ஆட்டோவில் போய்விட்டாள். மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் நான், என் மடியில் மட்டை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சேறு காய்ந்த அந்தப் பந்தையும் இன்னொரு பந்தையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“ரெண்டு முத்திரையும் பாரு.”

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா.”

“நல்லாப் பாரு.”

மாமாவின் பந்தில் முக்கோணத்துக்குக் கீழே, ஊசியால் குத்தியதுபோல் ஒரு சின்னப் புள்ளி. என்னுடையதில் இல்லை.

“எவனாச்சும் முத்திரையைச் சுட்டு அடிச்சிடுவான்னு, சர்வீஸ்ல இருந்தே ஊசியால ஒரு குத்து வெக்கறது. உங்க அத்தைக்கே தெரியாது. மொதல்ல முட்டையோன்னு பயந்துட்டேன். மோந்து பார்த்தா நெயில் பாலிஷ் துடைக்கிற வாசனை. அத்தை என்ன, நெயில் பாலிஷா போடறா?”

ஏரியில் தண்ணீர் ரொம்ப அழகாக இருந்தது. நான் அதையே பார்த்தேன்.

“சும்மா விளையாட்டுக்குத்தான் மாமா பண்ணேன். உங்களைக் கவுக்கலாம்னு.”

“என்னைக் கவுக்கணும்னா நீ ஒண்ணுமே பண்ணியிருக்க வேணாம். நான் எடுத்து வெச்ச பந்தே கவுத்திருக்கும்.” ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தார். “எருமைகிட்ட போய் நின்னுச்சே, அப்புறம் அந்தப் பந்துல என் முத்திரையைப் பார்த்தேன். அன்னிக்கே எனக்குத் தெரியும். நம்ம வாயால நம்ம முத்திரைய தப்புன்னு சொல்ல வரல. நீ சொல்லிட்ட. அதான் அதையே அடிச்சேன்.”

எனக்கு ஒரு கிண்டல் தயாராகத்தான் இருந்தது. அது வாய் வரைக்கும் வந்துவிட்டு, என்ன காரணமோ திரும்பிப் போய்விட்டது. நான் முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டேன்.

“கண்ணுல இன்னா?” என்றார் மாமா.

“காத்து மாமா. தூசி.”

மாமா தலையைத் தூக்கி, எங்களுக்கு மேலே இருந்த தூங்குமூஞ்சி மரத்தைக் கிளை கிளையாக, சாமான் பார்ப்பதுபோல், நிதானமாகப் பார்த்து முடித்தார்.

“ஒரு இலைகூட ஆடலையே” என்றார்.